மேகக்காட்டுச் செடிக்குப் பாடு போட்ட கதை

1. கண்ணாடிப் பார்

பழவேற்காட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். கம்ப்ரசர் நின்றிருக்கிறது, அமோனியா கசிந்திருக்கிறது, புயலில் கரண்ட் இல்லாமல் டேங்க் முழுக்க ஐஸ் தண்ணீராகியிருக்கிறது. எல்லாவற்றையும் சமாளித்தேன். ஆனால் புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், "உங்க சர்வீஸ்லயே பெரிய பேஜார் எது மேஸ்திரி?" என்று கேட்டால், ஒரு பூச்செடி என்றுதான் சொல்வேன். சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

பங்குனி மாதம் ஒரு நாள் காலை, பூங்காவனம் ஐஸ் வாங்க வந்தாள். கடற்கரைக் குப்பத்துக்காரி. படகு கரைக்கு வந்ததும் மீனை ஏலம் விடுகிறவள். அவள் கூவினால் ஏரிக்கு அக்கரையில் இருப்பவனும் விலை கேட்பான். பெயர்தான் பூங்காவனமே தவிர, அவள் வீட்டில் ஒரு துளசிச்செடிகூட ஒரு மாதம் தாண்டியதில்லை.

அவள் எப்போதும் வாங்குவது உடைசல் ஐஸ். முழு ஐஸ் கட்டியை பார் என்போம்; நல்ல பாராகப் பார்த்து எடுத்துப் போ என்றால், "கரையப் போற பொருளுக்கு இன்னா அழகு வேண்டிக்கீது?" என்பாள். அன்றைக்கு வந்து நின்றவள், "கண்ணாடியாட்டம் கீற பாரா பாத்து அர பாரு குடு மேஸ்திரி. நடுவுல வெள்ளையா இருந்தா எனக்கு வாணாம்" என்றாள்.

"என்ன விசேஷம்? கவர்னர் வீட்டுக்கு வஞ்சிரம் போகுதா?" என்றேன்.

"வெள்ளாமைக்காரனுக்கு வாய் நீளம். கிரஷர்ல போட்டுத் தூளாக்கிக் குடு."

நான் திருப்பாலைவனத்துக்காரன். எங்கள் வீட்டில் நெல் விவசாயம். அதனால் குப்பத்தில் எனக்கு வெள்ளாமைக்காரன் என்று பெயர். எத்தனை வருடம் இவர்களுக்கு ஐஸ் போட்டாலும் அது மாறவில்லை.

புதுப் பையன்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீரில் உப்பு உண்டு. கேனில் தண்ணீர் உறையும்போது வெளிப்பக்கம் முதலில் உறையும். உப்பும் அழுக்கும் நடுவே ஒதுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் பாரின் ஓரம் கண்ணாடியாகவும் நடு வெள்ளையாகவும் இருக்கிறது. மீனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதையும் தெரிந்து வைத்துக்கொண்டு கண்ணாடி ஐஸாக ஒருத்தி கேட்கிறாள் என்றால் அது மீனுக்கு இல்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாலையில் சேதி வந்தது. பூங்காவனம் தன் மருமகளின் செடியை ஐஸ் போட்டுக் கொன்றுவிட்டாளாம்.

2. குன்னூர் சீதனம்

பூங்காவனத்துக்கு ஒரே மகன், தேசிங்கு. மீன் வேன் ஓட்டுகிறான். இங்கே லோடு ஏற்றி மலை ஊர்களுக்குப் போய் இறக்குவான். குன்னூருக்குப் போனவன் அங்கே ஓர் ஆர்க்கிட் நர்சரியில் வேலை பார்த்த நித்யாவைப் பார்த்தான். நண்டு வாங்க வந்த பெண்ணிடம் நண்டை எப்படி உடைப்பது என்று சொல்லிக்கொடுத்தானாம். தை மாதம் கல்யாணமே முடிந்துவிட்டது.

பூங்காவனம் கல்யாணத்துக்குப் போனாள், அட்சதை போட்டாள், சாப்பிட்டாள். ஆனால் மருமகளோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் வழியாகப் பேசுவாள். "சோறு ஆயிடுச்சின்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லு." அந்தப் பெண் ஒரு முழத்தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். யாரும் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வாள்.

நித்யா சீதனமாகக் கொண்டுவந்த பொருள்களில் பூங்காவனத்துக்குப் புரியாதது ஒன்று. நர்சரி முதலாளி கல்யாணப் பரிசாகக் கொடுத்த செடி. டிராகுலா சீமியா என்று பெயர். தென் அமெரிக்காவில் எக்வடார் என்ற நாட்டு மலைக்காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்வது. அந்தக் காட்டில் எந்நேரமும் மேகம் இறங்கி நிற்குமாம். பார்க்க ஒன்றுமில்லை, நாக்கு நாக்காகப் பச்சை இலைக் கொத்து.

"பூ குரங்கு முகம் மாதிரியே இருக்குங்க" என்று நித்யா பெருமையாகச் சொன்னாள்.

பூங்காவனம் பூனையைப் பார்த்து, "குரங்கு மூஞ்சியப் பாக்கவா குன்னூர்லேர்ந்து தூக்கினு வந்தா?" என்றாள்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏலத்துறையில், அத்தனை பேர் நடுவில், அந்தக் குரலில் ஒரு சொல் சொல்லிவிட்டாள்: "இந்த உப்புக்காத்துல அது நிக்குமா? செடி பட்டுப்போற அன்னிக்கு அவளும் பஸ் ஏறிடுவா, பாரு."

சொன்னவள் மறந்திருப்பாள். கேட்டவர்கள் மறக்கவில்லை. நித்யாவின் காதுக்கும் போயிற்று. அன்றிலிருந்து அது செடி இல்லை, பந்தயம். மருமகள் போனால் தேசிங்கும் போவான், அவனுக்கு வேன் எந்த ஊரில் ஓடினாலும் ஒன்றுதான். பூங்காவனத்துக்கு மிஞ்சப் போவது பூனை. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

3. பையோடு வந்த பெண்

சேதி வந்த மறுநாள் காலை நித்யா எங்கள் கம்பெனிக்கு வந்தாள். கையில் துணிப் பை, இன்னொரு கையில் அந்தச் செடி. தேசிங்கின் வேன் லோடுக்காக எங்கள் வாசலில்தான் நிற்கும். அதிலேயே குன்னூர் போகிறாளாம். தேசிங்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு செத்த மீன் மாதிரி விழித்தான்.

செடியைப் பார்த்தேன். இலைகள் பாதி கறுத்துத் துவண்டிருந்தன. அடியில் நாலைந்து மட்டும் பச்சை.

"நான் குளிக்கப் போயிருந்தேன் சார். வந்து பாத்தா தொட்டி தெரியல. கீழ ஒரு அடுக்கு ஐஸ், மேல ஒரு அடுக்கு ஐஸ், மூடி வேற போட்டு வெச்சிருக்காங்க. ஏன் இப்படின்னு கேட்டா பதிலே இல்ல. வேணும்னுதான் செஞ்சிருக்காங்க." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. வஞ்சிரத்தைப் பெட்டியில் வைக்கும் முறை அது. வாடப் போகிற பொருளைக் காப்பாற்றக் குப்பத்துக்காரிக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

"உங்க மாமியார் மீனுக்கு என்ன ஐஸ் வாங்குவாங்க தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க."

"உடைசல். நேத்து வாங்கினது கண்ணாடிப் பார். வெள்ளையே இருக்கக் கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டு வாங்கினாங்க. கொல்றதுக்கு யாராவது ஒசத்தி ஐஸ் தேடுவாங்களா?"

தேசிங்கு வேனை விட்டு இறங்கி வந்தான்.

"நேத்து காலைல ரெண்டு இலை வாடியிருந்துச்சு" என்றாள் நித்யா. "தண்ணி சரியில்ல, உப்பு ஒத்துக்கலன்னு இவர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். அத்தை பக்கத்துலதான் வலை பிரிச்சிட்டு இருந்தாங்க."

"அதான். உப்பில்லாத ஐஸாத் தேடியிருக்காங்க."

பை தரையில் இறங்கியது. செடி மட்டும் கையிலேயே இருந்தது. "அத்தை மனசு சரி சார். ஆனா செடிக்கு நான் என்ன பண்றது? சித்திரை வெயில் வேற வருது. இதுவும் போச்சுன்னா அவங்க சொன்ன சொல்லு நிக்கும். அப்புறம் அந்த வீட்டுல நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டு இருக்கறது?"

நியாயமான கேள்வி. ஊர் வாயில் விழுந்த சொல்லைச் சொன்னவளே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. செடி பிழைத்தால்தான் அது தானாகப் பொய்யாகும்.

4. ஆன்டி ரூம்

ஐஸ் ஸ்டோருக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை உண்டு. ஆன்டி ரூம் என்போம். வெளிச்சூடு நேராக உள்ளே போகாமல் தடுப்பதற்காகக் கட்டியது. ஸ்டோரைப் போல உறையாது, வெளியைப் போல வேகாது. மார்கழி விடியற்காலைக் குளிர் வருடம் முழுவதும் அங்கே இருக்கும். சுவரெல்லாம் ஈரம் வியர்த்து நிற்கும்.

நித்யா உள்ளே வந்து நின்று, மூச்சை இழுத்து, "குன்னூர்!" என்றாள். எங்கள் ஆன்டி ரூமுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை.

அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன். மற்ற ஆர்க்கிட் சிலவற்றுக்கு அடியில் குமிழ் போலத் தண்டு இருக்கும், அதில் தண்ணீர் சேர்த்து வைக்கும். இதற்கு அது கிடையாது. அன்றாடங்காய்ச்சி. வேர் ஒரு நாள் காய்ந்தாலும் இலை வாடும், தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் வேர் அழுகும். மண் ஆகாது, பாசிதான் வேண்டும். நேர் வெயில் கூடாது. பகலில் குளுமை, இரவில் அதைவிடக் குளுமை. காற்றில் ஈரம் நிற்க வேண்டும், ஆனால் காற்று நிற்கக் கூடாது. கேட்டு முடித்ததும், "எங்க முதலாளிக்கு இவ்ளோ சவரட்சணை கிடையாதும்மா" என்றேன்.

உப்பில்லாத தண்ணீருக்குக் கண்ணாடி ஐஸையே உருக்கினோம். பாரின் நடு வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு ஓரத்தை மட்டும் உருக்கி, தண்ணீர் அறைக் குளிருக்கு வந்த பிறகு ஊற்றினோம். ஒரு சின்ன டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன், செடி மேல் நேராக அடிக்காமல் காற்று சுற்றி வருவதற்கு. வெளிச்சத்துக்கு ஒரு எல்.ஈ.டி. டியூப். அமோனியா லைன் பக்கம் போகாமல் டியூபை வெளிக்கதவு ஓரமாக மாட்டினோம்.

பூத்தொட்டி கூடாது என்றாள். இந்தச் செடியின் பூக்காம்பு மேலே வராதாம், வேரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குமாம். தொட்டியில் வைத்தால் மொட்டு அடியில் முட்டி அழுகிவிடும். மறுநாள் காலை ஆன்டி ரூம் வாசலில் ஒரு புதுப் பறி இருந்தது. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஓலைக்கூடை அது. தண்ணீர் வடிய வேண்டும் என்பதால் பின்னலில் இடைவெளி இருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. பூங்காவனம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உடைசல் ஐஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

செடி பறிக்குள் குடியேறியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இது இன்னாய்யா, ஐஸ் கம்பெனியா, பொட்டானிக்கல் கார்டனா?" என்றார். ஆன்டி ரூம் கதவைச் சரியாகச் சாத்துகிறார்களா என்று செக் பண்ண வைத்திருக்கிறேன், கதவு திறந்திருந்தால் முதலில் வாடுவது இதுதான் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. நித்யா நாளுக்கு நாலு தடவை வந்து பார்த்ததில் கதவும் உண்மையிலேயே ஒழுங்காகச் சாத்தப்பட்டது.

5. பெண்கள் பாடு

எல்லாம் சித்திரை வரைக்கும்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் விற்பனை படுத்துவிடும், அப்போதுதான் வருடாந்தர ஓவர்ஹால். கம்ப்ரசரைப் பிரிப்போம், ஐஸ் கேன்கள் நிற்கும் உப்புநீர் டேங்கைக் கழுவுவோம். கம்பெனி முழுவதும் சூடாகிவிடும். அதாவது, வெளியே அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற நேரம் பார்த்து எங்கள் மேகக்காட்டுக்கும் லீவு.

ஏரியில் சிறு படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் பொன்னேரிப் பக்கமிருந்து ஐஸ் வண்டி வரும். அந்த ஐஸைப் பாட்டிலில் நிரப்பி, பெரிய மீன் பெட்டிக்குள் நாலு ஓரமும் நிறுத்தி, நடுவில் செடியை ஐஸ் படாமல் தொங்கவிடலாம். மேலே ஈரக் கோணி போடலாம். அடிக்கடி கோணியை நனைக்க வேண்டும், பாட்டிலை மாற்ற வேண்டும், மூடியைத் தூக்கி விசிற வேண்டும். "ராத்திரி பகலா ஒருத்தியால முடியாதும்மா" என்றேன். "முடியும்ங்க" என்றாள் நித்யா. மூன்றாம் நாளே கண்கள் உள்ளே போய்விட்டன.

அன்று மாலை ஏலத்துறையில் பூங்காவனம் மீன் இல்லாத இடத்தில் நின்று கூவினாள். "வீட்டுக்கு ஒருத்தி வாங்கடீ. பாடு போடப் போறோம்."

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் ஊர் கூடி முறை வைத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் முறை, நாளை என் முறை. அதுதான் பாடு. ஊரில் பங்கு உள்ளவனுக்குத்தான் பாடு உண்டு. ஆண்கள் சமாச்சாரம் அது. பெண்கள் பாடு போட்டதாகச் சரித்திரமே இல்லை. வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். "சிரிக்கிறவன் பொண்டாட்டி ரெண்டு நாள் பாக்கணும்" என்றாள் பூங்காவனம். சிரிப்பு நின்றது.

ஆளுக்கொரு சிப்பியில் அடையாளம் கீறி ஒரு சட்டியில் போட்டார்கள். குலுக்கி எடுக்கிற வரிசையில் வீட்டுக்கு ஒரு நாள் செடி போகும். நித்யாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "செடி என்னோடதுங்க. எல்லாருக்கும் எதுக்குங்க சிரமம், நானே பாத்துக்கறேன்" என்றாள்.

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். "மேஸ்திரி, அந்தப் பொண்ணாண்ட சொல்லு. பாடுன்னு போட்டாச்சின்னா அப்பறம் என்து உன்துன்னு கெடயாது. அவளும் ஒரு சிப்பி போடணும். தனியாப் போடணும், என் வூட்டு சிப்பியில ஒட்டிக்கினு இல்ல. சிப்பி போட்டவதான் இந்த ஊர்க்காரி."

சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. நித்யா ஒரு சிப்பியைப் பொறுக்கி, அதில் ஓர் இலையைக் கீறிச் சட்டியில் போட்டுவிட்டாள்.

இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று, "எனக்கும் ஒரு சிப்பி?" என்றேன்.

"வெள்ளாமைக்காரனுக்கு ஏரியில ஏது பாடு? போய் கம்ப்ரசரக் கழுவு."

அந்தச் சித்திரையும் வைகாசியும் செடி வீடு வீடாகப் போயிற்று. ஒரு வீட்டில் திருஷ்டி படக் கூடாது என்று பெட்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். ஒரு வீட்டில் சாம்பிராணி போட, நித்யா ஓடிப்போய் அணைத்தாள். இன்னொரு வீட்டில் செடிக்குப் பொழுது போகட்டும் என்று டி.வி. முன்னால் வைத்திருந்தார்கள். புது இலை ஒன்று விட்டபோது அது தங்கள் முறையில்தான் விட்டது என்று இரண்டு வீட்டுக்காரிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பூங்காவனத்தின் முறை வந்தபோது மட்டும் பெட்டிப் பக்கம் யாரையும் விடவில்லை. ஐஸ் செடி மேல் படக் கூடாது என்பதை அவள் பூனைக்கு விளக்கிக்கொண்டிருந்ததாகத் தேசிங்கு சொன்னான்.

6. பூ

ஓவர்ஹால் முடிந்து செடி ஆன்டி ரூமுக்குத் திரும்பியது. மழைக்காலம் போய் மார்கழியில் பறியின் அடியில் ஒரு காம்பு எட்டிப் பார்த்தது. நுனியில் மொட்டு. குப்பமே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பூங்காவனம் வரவில்லை. "குரங்கு மூஞ்சிக்கு இன்னா அலம்பலு" என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

இந்த இடத்தில் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்து வெகுநாளாயிற்று. முகமெல்லாம் தாடி மீசை, புதர் போலப் புருவம், நடுவில் இரண்டு சின்னக் கண்கள். படகு விட்டுப் படகு தாவுவதில் மன்னன். ஊர் அவருக்கு வைத்த பெயர் அனுமார். மாலை போட்ட போட்டோ ஒன்று அவள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

ஒரு நாள் காலை நான் ஆன்டி ரூமைத் திறந்தபோது, மீன் வாடைக்கும் அமோனியா வாடைக்கும் நடுவில் கமலா ஆரஞ்சு வாசனை வந்தது. பூ விரிந்திருந்தது. எனக்குப் பின்னால் பூங்காவனம், ஐஸ் வாங்குகிற சாக்கில். கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து பார்த்தாள். பழுப்புச் சிவப்பில் ரோமம் படர்ந்த முகம், புருவம், இரண்டு சின்னக் கண்கள், கீழே தாடி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நித்யா வெளியே வேனில் லோடு எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது "அந்தப் பொண்ணாண்ட சொல்லு" வரும் என்று எதிர்பார்த்து நான் வாசல் பக்கம் இரண்டடி போய்விட்டேன்.

எனக்குப் பின்னாலிருந்து ஏலக்குரல் கிளம்பியது. "அடியே நித்யா! ஓடியாடி! உங்க மாமனார் வந்துக்கீறாரு!"

வேன், ரோடு, ஏரி எல்லாம் கேட்டிருக்கும். நித்யா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். மாமியாருக்குப் பக்கத்தில் அதே பெட்டியில் உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

"ஆமாங்க அத்தை. போட்டோல இருக்கற மாதிரியே இருக்காருங்க."

"போட்டோவுல இவ்ளோ அழகா இல்ல" என்றாள் பூங்காவனம்.

நான் வாசலில் நின்றேன். கம்பெனியில் எனக்கு ஓய்வு கிடைக்கச் சில மாதங்கள் இருந்தன. தூது வேலையிலிருந்து அன்றே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

புதுப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஐஸ் போடுவது வேறு, குளிர வைப்பது வேறு. குளிர் என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது, அதைக் கொண்டுபோய் எதன் மேலும் கொட்ட முடியாது. நம் மெஷின் செய்வது ஒன்றுதான்: உள்ளே இருக்கிற சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வெளியே விடுவது. எடுக்க எடுக்க, குளிர் தானாக வந்து நிற்கும். அவசரப்பட்டால் இலை கருகும்.

செடி மற்ற மாதங்களில் இன்னும் ஆன்டி ரூமில்தான் தொங்குகிறது. இந்தச் சித்திரையிலும் ஓவர்ஹால். போன வாரம் நித்யா போன் செய்தாள், சிப்பி குலுக்கி முடித்துவிட்டார்களாம். பின்னாலிருந்து பூங்காவனம் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்: "மேஸ்திரி, உன் சிப்பி மொத ஆளா வந்துக்கீது. நாளைக்கி உன் பாடு. பொன்னேரி ஐஸ் வண்டி வரதுக்குள்ள வந்து சேரு."

திருப்பாலைவனத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன்.